மாடிவீட்டு டிரைவரின் சட்டை

"நாற்பத்திரண்டா?"

சர்வேயர் போட்ட சத்தத்தில், ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த புறா வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது.

"யாரைப் பார்த்து நாற்பத்திரண்டுங்கறே?"

"உங்களைப் பார்த்துத்தாங்க. இந்த ரூம்ல வேற யாரு இருக்கா?" என்றாள் அவர் மனைவி, அவருடைய பழைய சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே.

"பார்த்துச் சொல்றியா, அளந்து சொல்றியா?"

"பார்த்துத்தான். மலை பெரிசுன்னு சொல்றதுக்கு ஏறிப் பார்க்கணுமா?"

"சும்மா அளக்காதே! அளந்து சொல்லு!"

கோபத்தில் ஒரே வார்த்தையை இரண்டு விதமாகச் சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. கோபம் வந்தால் அவருக்கு எதுவும் தெரியாது. கோபம் இல்லாத நேரத்தில் எல்லாம் தெரியும்.

அவர் கொதித்ததிலும் ஒரு நியாயம் இருந்தது. அளவுதான் அவருடைய பிழைப்பு. ஒருவர் வீட்டு மதில் அடுத்தவர் மனைக்குள் அரையடி எட்டிப் பார்த்தால், சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போவார். அளப்பார். கல்லை நட்டுவிட்டு வருவார். அவர் நட்ட கல்லை இதுவரை யாரும் அசைத்தது கிடையாது. அவரை அசைக்கப் பார்த்திருக்கிறார்கள். அது வேறு விஷயம்.

அந்த வருஷம் ஆபீஸ் ஆண்டு விழாவில் அவருக்கு ஒரு கேடயம் கொடுப்பதாக இருந்தது. 'துல்லியமான அளவைக்கு' என்று அதில் பொறித்திருப்பார்களாம். மேடை ஏறி வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேச வேண்டும். அதற்கு ஒரு புதுச் சட்டை வேண்டும். ஏனென்றால் பீரோவில் இருந்த சட்டைகள் எல்லாம் துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டன. இது அவர் கட்சி. சட்டை எதுவும் சுருங்கவில்லை. இது அவர் மனைவியின் கட்சி.

அவள் அந்தத் தெருவுக்கே தையல்காரி. எந்த வீட்டுக் கொடியைப் பார்த்தாலும் அவள் தைத்தது ஒன்றாவது காய்ந்துகொண்டிருக்கும். ஆனால் தெருவுக்கெல்லாம் தைக்கிறவளுக்குத் தன் வீட்டில் வெளிச்சமாக ஓர் இடம் இல்லை. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள இருட்டு நடையில்தான் தையல் மெஷின். பட்டப்பகலில் ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாது. கூப்பிடுகிறவர் சர்வேயராக இருந்தால் அது ஒரு வசதி.

முன்னறை ஜன்னலோரம் நல்ல வெளிச்சம். அங்கே ஒரு சாய்வு நாற்காலி. அதில் சர்வேயர். நாற்காலியை நகர்த்திவிட்டு, ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் மெஷினைப் போட்டுக்கொள்கிறேன் என்று அவள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் ஒருநாள் முறைப்படி எழுந்து, இடத்தை அளந்தார். நடைக்குப் போய், பக்கவாட்டுப் பலகையை விரித்து வைத்து மெஷினை அளந்தார். தீர்ப்புச் சொன்னார்.

"மெஷின் ஒரு சாண் கூட. அடங்காது."

"மெஷினா அடங்காது?" என்று அவள் கேட்டாள். கேட்டுவிட்டு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பேர்ப்பட்டவரைப் பார்த்துத்தான் இப்போது நாற்பத்திரண்டு என்று சொல்லியிருக்கிறாள். அதுவும் வயிற்றுச் சுற்றளவை! அதுவும் குத்துமதிப்பாக!

"எடு டேப்பை!" என்றார் சர்வேயர்.

அவள் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சட்டைப் பையில இருக்கறதெல்லாம் எடுத்து வெச்சுடுங்க."

"எதுக்கு? மேடையிலயும் பேனா இருக்கும், கண்ணாடிக்கூடு இருக்கும், எல்லாம் இருக்கும். நீ அளக்கற வேலையைப் பாரு."

"சரி. இயல்பா நின்னு மூச்சு விடுங்க."

சர்வேயர் மூச்சை இழுத்தார். வயிறு உள்ளே போயிற்று. எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது. நெஞ்சு மேலே ஏறியது. கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது. உள்ளே இடம் கிடைக்காத ஏதோ ஒன்று வெளியே வர வழி தேடியது.

"மூச்சை விடச் சொன்னா இழுக்கறீங்களே!"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும்.

"உயிரோட இருக்கறவங்க மாதிரி நில்லுங்க."

இன்னும் பலமாக ஆட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

ஒரு கையால் தன் நெஞ்சைத் தொட்டு, தரையைக் காட்டி, விரலைச் சுழற்றினார். நான் எப்போதும் இப்படித்தான் நிற்பது வழக்கம் என்று அதற்குப் பொருள்.

அவள் டேப்பைப் பார்த்தாள். "முப்பத்தேழு. இது உங்க அளவில்லைங்க. உங்க ஆசை."

"புஸ்!" என்று மூச்சு வெளியே வந்தது. கூடவே வயிறும் வந்தது. வந்த வேகத்தில் டேப் அவள் கையை விட்டு நழுவியது.

"ஆசையா? ஊரான் நிலத்தையெல்லாம் ஆசைப்பட்டா அளந்தேன்? முதல்ல உன் டேப்பைச் சொல்லு! துணி டேப்பு! இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். இதை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷனை எடை போடறியா?"

"எடை போடலைங்க. சுத்தளவுதான் எடுத்தேன். எடையும் வேணும்னா..."

"பேசாதே!"

அவர் உள்ளே போய்த் தன் இரும்பு டேப்பை எடுத்து வந்தார். இழுத்தால் நீளாது. அடித்தால் உடையாது. சுற்றிப் பிடித்தால் லேசில் வளையவும் வளையாது. அதையும் அவர் ஒரு நல்ல குணமாகவே சொன்னார். தன்னைத்தானே அளக்க ஆரம்பித்தார். ஒரு நுனியைத் தொப்புளில் வைத்து, மறு நுனியை முதுகுப் பக்கம் அனுப்பி, அதைப் பிடிக்க வலப்பக்கம் திரும்பினார். டேப்பும் கூடவே திரும்பியது. இடப்பக்கம் திரும்பினார். டேப்பும் விடவில்லை. நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம் வந்த பிறகு நுனி அகப்பட்டது. மூச்சைப் பிடித்தார். குனிந்து எண்ணைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கை வழுக்கியது. டேப் 'சர்ர்'ரென்று கூட்டுக்குள் ஓடியது. போகும்போது வயிற்றில் ஒரு கடி கடித்துவிட்டுப் போயிற்று.

"ஆ! முப்பத்தாறரை!"

"வலிக்குதா?"

"துல்லியம்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்!"

கழுத்தையும் கையையும் நெஞ்சையும் அதே விதமாக அளந்தார். கழுத்தை அளந்தபோது முகம் நீலமாயிற்று. கடைசி வரை ஒரு விரலைக்கூட டேப்புக்குள் விட அவர் சம்மதிக்கவில்லை. சொன்னதையெல்லாம் அவள் சாக்கட்டியால் துணியின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

"உள்ளே ரெண்டு இன்ச் துணி விட்டுத் தைக்கறேங்க. பின்னால விட்டுக்கொடுக்க வசதியா இருக்கும்."

"இந்த வீட்ல விட்டுக்கொடுக்கற பேச்சே கிடையாது. நான் சொன்ன அளவுதான். ஒரு நூல் கூடக் கூடாது, ஒரு நூல் குறையவும் கூடாது!"

"நூல் இல்லாம எப்படிங்க தைக்கறது?"

"என் அளவு மட்டும் தப்பாப் போகட்டும்," என்று சர்வேயர் ஆவேசமாக எழுந்து நின்றார். "இந்த ஜன்னலோரம் உன் மெஷினுக்கு! நாற்காலியை நடையில போட்டுக்கறேன்!"

அவள் சாக்கட்டியைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"நெஜமாவா?"

"சர்வேயர் பேச்சு. கல் நட்ட மாதிரி."

"சரிங்க. உங்க அளவுப்படியே தைச்சுடறேன்."

உடனே ஒப்புக்கொண்டது அவருக்குச் சின்ன ஏமாற்றமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கத்துவதற்கு அவரிடம் சரக்கு இருந்தது.

இந்த இடத்தில் மாடிவீட்டு டிரைவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் நீண்டதூர பஸ் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் போவார். எல்லாரும் படுத்த பிறகு வருவார். விடுமுறை நாளில் மட்டும் கண்ணில் படுவார். சர்வேயரின் மனைவியைத் 'தங்கச்சி' என்று கூப்பிடுவார். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. அந்த உறவுக்கணக்கில் சர்வேயரை 'மாப்ள' என்பார். வாடகை வீட்டில் தண்ணீர், மின்சாரத்தோடு ஒரு மச்சானையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்களே என்று சர்வேயருக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தையெல்லாம் அவர் டிரைவரின் வயிற்றின் மேல் காட்டுவார்.

"ஸ்டியரிங்குக்கும் அந்த ஆளுக்கும் நடுவுல ஒரு தம்பூரை வெச்ச மாதிரி இருக்கு. ஹார்னை எதால அடிக்கறார்னு நினைக்கறே?"

ஒருநாள் சாயங்காலம் சர்வேயர் ஜன்னலோரம் சாய்ந்திருந்தபோது, மனைவி அதே துணியில் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, ஒரு உபகாரம். மாடிவீட்டு அண்ணனுக்கு ஒரு சட்டை தைக்கணும். உங்க துணியைப் பார்த்ததும் அவருக்குப் பிடிச்சுப் போச்சு."

"அதே துணியா? அதே கலரா? நாங்க என்ன பேண்டு வாத்தியக் கோஷ்டியா?"

"அதை விடுங்க. அளவெடுக்கலாம்னா ஆள் கைக்குச் சிக்கமாட்டேங்கறார். அவசரம் வேற. உங்களை நிக்க வெச்சுப் பார்த்துக்கலாமான்னு யோசிச்சேன். ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வாகுதானே."

சர்வேயர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போயிற்று.

"ஒரே வாகா? நானா? அந்த ஆளா? கண்ணு இருக்கா உனக்கு? அந்த உடம்பு எங்கே, இந்த உடம்பு எங்கே?"

"வித்தியாசம் எனக்குத் தெரியலைங்களே. நான் பட்டன் தைக்கறவ. நீங்கதான் நிலத்தைக் கண்ணாலயே அளக்கறவர். அவர் எப்படி இருப்பார்னு நின்னு காட்டிட்டீங்கன்னா, அப்படியே எடுத்துக்குவேன்."

யாராவது இப்படிக் கேட்டால் சர்வேயர் என்ன செய்வார்? கேட்டது தன் மனைவி என்பதைக்கூட மறந்துவிட்டார்.

"பார்த்துக்கோ. இது டிரைவர்."

மூச்சை விட்டார். ஒரு பெரிய லாரியின் காற்று பிரேக் விட்ட மாதிரி இருந்தது. வயிறு முன்னால் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

அவள் டேப்பைச் சுற்றினாள். "அவ்வளவுதானா? அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் இருக்குமே."

"இரு, அவசரப்படாதே." இன்னும் கொஞ்சம் விட்டார்.

"இன்னும்?"

"இதுக்கு மேல விட என்கிட்ட இல்ல!"

"போதும், போதும். பையில அந்தக் கண்ணாடிக்கூடு வேணாங்க. டிரைவர் கண்ணாடி போடறதில்லை."

"நியாயம்." எடுத்து வைத்தார். வேஷம் என்று வந்துவிட்டால் அவர் முழு ஈடுபாட்டோடு செய்கிறவர்.

"ஏன் குனிஞ்சு டேப்பைப் பார்க்கறீங்க? டிரைவர் ரோட்டையில்ல பார்ப்பார்?"

சர்வேயர் நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில் ஒரு நெடுஞ்சாலையைக் கண்டார். அவள் கழுத்தைச் சுற்றி டேப்பை வைத்து, இரண்டு விரலை உள்ளே விட்டு அளந்தாள்.

"ஸ்டியரிங்கைப் பிடிங்க. முழங்கையை இவ்வளவு மடக்கினா போதும்."

பிடித்தார். அவள் தோளிலிருந்து முழங்கை வழியாக மணிக்கட்டு வரை அளந்தாள். சர்வேயருக்கு உற்சாகம் பொங்கியது. சாலையின் குறுக்கே வந்த ஒரு மாட்டைத் திட்டினார். ஒரு வளைவில் உடம்பைச் சாய்த்தார்.

"ஆடாதீங்க. ஸ்டாப்பிங்ல நில்லுங்க."

நின்றார். அவள் முதுகை அளந்தாள். தோளை அளந்தாள். மார்பை அளந்தாள். இவ்வளவு ஒத்துழைத்து அவர் எந்த வேலையும் அந்த வீட்டில் செய்தது கிடையாது.

"எவ்வளவு வந்துச்சு வயிறு?"

"நாற்பத்திரண்டு."

"பார்த்தியா!" சர்வேயர் துள்ளினார். "அதுதான் நாற்பத்திரண்டு! நாற்பத்திரண்டுன்னா எப்படி இருக்கும்னு இப்பவாவது தெரிஞ்சுக்கோ. இதையா என் தலையில கட்டப் பார்த்தே?"

"தலையில இல்லைங்க," என்று சொல்லிவிட்டு அவள் டேப்பைச் சுருட்டினாள்.

விழா நாள் வந்தது. இரண்டு சட்டைகளும் இஸ்திரி போட்டுக் கட்டிலின் மேல் கிடந்தன. சர்வேயர் தன் சட்டையைக் கையில் எடுத்து, இரும்பு டேப்பால் சரிபார்த்தார். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெற்றிப் பார்வை ஒன்றை மனைவியின் பக்கம் வீசிவிட்டுப் போட்டுக்கொண்டார்.

மூச்சைப் பிடித்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டார். எல்லாம் காஜாவுக்குள் நுழைந்தன. கழுத்துப் பட்டன் மட்டும் கொஞ்சம் அடம் பிடித்தது. அதையும் போட்டுவிட்டார். கண்ணாடியில் ஒரு வாலிபன் நின்றான். முகம்தான் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"எப்படிங்க இருக்கு?"

கட்டை விரலை உயர்த்தினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

விரலை இன்னும் உயர்த்தினார்.

"அது சரி, மேடையில எப்படிப் பேசுவீங்க? சைகையிலயா?"

அது அவர் நினைத்துப் பார்க்காத விஷயம். ஆனால் பேசிக் காட்டாமல் விட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடும். நெஞ்சை நிமிர்த்தினார்.

"பெரியோர்களே..."

முதல் பட்டன் கண்ணாடியில் போய் 'டிங்' என்றது. அடுத்தது கட்டிலுக்கு அடியில் ஓடியது. மற்றவை முறை வைத்துப் போகவில்லை, கும்பலாகப் போயின. முதுகில் 'டர்ர்'ரென்று ஒரு சத்தம். பெரியோர்களுக்கு அடுத்தபடி யாரைக் கூப்பிட நினைத்தாரோ, அவர்கள் யாரும் கூப்பிடப்படவே இல்லை.

சர்வேயர் பட்டன் போன இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"துணி சரியில்ல!" என்றார் சர்வேயர்.

"ஆமாங்க."

"நூல் மட்டம்!"

"ஆமாங்க. நேரமாச்சு. அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. அதே துணிதானே, யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்தத் தம்பூர் உறையையா? மேடையில எனக்குப் பக்கத்துல இன்னொருத்தரையும் உள்ளே விட்டுக்கலாம்!"

ஆனால் வேறு வழி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். பட்டன்கள் சத்தமில்லாமல் காஜாவுக்குள் நுழைந்தன. தோள் தையல் தோளின் மேல் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் வந்து நின்றது. காலருக்குள் இரண்டு விரல் போயிற்று. சர்வேயர் மூச்சு விட்டார். சட்டை ஒன்றும் சொல்லவில்லை. கையைத் தூக்கினார். குனிந்தார். 'பெரியோர்களே, தாய்மார்களே' என்றார். சட்டை அமைதியாகக் கேட்டுக்கொண்டது.

அவர் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"பாவம், டிரைவர் ரொம்ப இளைச்சுட்டார்போல."

அந்த நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அன்று டிரைவருக்கு விடுமுறை.

"அட மாப்ள! சட்டை பிரமாதம்! அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கே!"

சர்வேயர் நேர்மையான மனிதர். "மன்னிக்கணும், இது உங்க சட்டைதான். அவசரத்துக்குப் போட்டுக்கிட்டேன்."

"என் சட்டையா? நான் எங்க மாப்ள தைக்கக் குடுத்தேன்? எனக்கு டிப்போவுலயே யூனிஃபார்ம் குடுத்துடறாங்களே."

சர்வேயர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையில் பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்ல! இது இவரோட அளவு!" என்று அவர் கத்தினார். சட்டையைக் கழற்றினார். "போடுங்க! இப்பவே போடுங்க! எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்!"

டிரைவர் பாவம், ஒன்றும் புரியாமல் தன் பனியனுக்கு மேலே போட்டுக்கொண்டார். பட்டனைப் போட்டார். முன்பக்கத் துணியைப் பிடித்து இழுத்துக் காட்டினார். ஒரு கைப்பிடி அளவு வந்தது.

"லூஸா இருக்கே மாப்ள."

"யாரு லூஸு?"

"சட்டையைச் சொன்னேன்."

சர்வேயர் மனைவியின் பக்கம் திரும்பினார். விரல் நடுங்கியது. மீசை நடுங்கியது. சட்டை இல்லாததால் மற்றதும் நடுங்கியது.

"என்னை ஏமாத்திட்டே! நான் நடிச்சதை அளவெடுத்து, என் சட்டைன்னு..."

"நீங்க நடிச்சதை அளவெடுத்த சட்டை அதோ கிழிஞ்சு கிடக்குங்க," என்றாள் அவள், நிதானமாக. "இது நீங்க நடிக்காம நின்னப்போ எடுத்தது."

டிரைவர் மெதுவாகச் சட்டையைக் கழற்றி, மடித்து, சர்வேயர் கையில் கொடுத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் மாடி ஏறிவிட்டார்.

விழா நன்றாக நடந்தது. சர்வேயர் கேடயம் வாங்கினார். நாலு வார்த்தை பேசப் போய் நாற்பது வார்த்தை பேசினார். துல்லியத்தைப் பற்றி ஆவேசமாகக் கையை வீசி வீசிப் பேசினார். ஒரு பட்டனும் அசையவில்லை. அதை நினைத்தபோதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறையில் நுழைந்தவர் அப்படியே நின்றார். சாய்வு நாற்காலி இருட்டு நடையில் இருந்தது. அதன் மேல் டார்ச் லைட். ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தையல் மெஷின், அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் பக்கவாட்டுப் பலகை மடிந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி வெயில் வெளிச்சத்தில், டார்ச் இல்லாமல், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

சொன்ன சொல் சொன்னதுதான். கல் நட்டாகிவிட்டது. அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் மனிதனுக்கு மானம் என்று ஒன்று கடைசியாக மிச்சம் இருக்கும் இல்லையா? கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழங்கினார்.

"அதெப்படி? இந்த இடத்தை நானே அளந்தேன். மெஷினையும் நானே அளந்தேன். ஒரு சாண் கூட! இது இங்கே எப்படி அடங்குச்சு?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதாங்க. கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கச் சொன்னேன்."